மடக்குத் தூண்டில்

என் அப்பா எதையும் படிக்காமல் வாங்கமாட்டார். புத்தகம் படிப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம், அவர் படிப்பது ரிவ்யூ. டெக்ஸாஸில், ஃபிரிஸ்கோவில் நாங்கள் இருந்த காலத்தில் ஒரு மிக்ஸி வாங்குவதற்கு இரண்டு மாதம் படித்தார். அதற்குள் பழைய மிக்ஸி உயிரை விட்டுவிட, அம்மா தேங்காயையும் மிளகாயையும் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டு ஆன்ட்டியிடம் போய் அரைத்துக்கொண்டு வந்தாள். அப்பா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "ஒரு ஸ்டார் குடுத்தவங்க என்ன சொல்றாங்கன்னு மொதல்ல பாக்கணும்" என்பார். நல்லது சொல்பவர்களை நம்பாமல் திட்டுபவர்களை மட்டும் நம்பிப் பொருள் வாங்கிய ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன அந்த வருடம், பள்ளி திறந்து கொஞ்ச நாளில் அப்பாவுக்கு வேலை போயிற்று. என்னிடம் அதை மறைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தே சொன்னார்கள். வேறு வேலை கிடைத்துவிட்டால் இங்கேயே இருக்கலாம், கிடைக்காவிட்டால் விசா விடாது, கோயம்புத்தூருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்றார் அப்பா. அம்மா உடனே, "அதெல்லாம் கெடைச்சுரும்" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. கோயம்புத்தூர் என்பது எனக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போய்க் கொசுக்கடியும் வயிற்றுப்போக்குமாகத் திரும்பி வரும் ஊர். அங்கே போய் யாராவது குடியிருப்பார்களா?

அம்மா சும்மா சொல்லவில்லை, அதற்கான வேலையையும் பார்த்தாள். அமெரிக்கா வந்த பிறகு எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் என்பது நான்கைந்து சனிக்கிழமைகளாகச் சுருங்கிப்போயிருந்தது. மற்ற நாட்களில் கோழி உண்டு, முட்டை உண்டு. அந்த வருடம் மாதம் முழுக்க விரதம் என்று சொல்லிவிட்டாள். ஃப்ரீசரில் இருந்த மீனும் கறியும் எதிர் வீட்டுக்குப் போயின. சனிக்கிழமைதோறும் ஹனுமான் கோயில். வேலை கிடைத்தால் வடைமாலை சாத்துவதாக வேண்டுதல். அப்பா கராஜில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்துதான் இன்டர்வியூ பேசுவார், வீட்டுக்குள் எங்கே உட்கார்ந்தாலும் குக்கர் விசில் கேட்கிறதாம். அவர் காருக்குள் பேசும்போதெல்லாம் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் சாமி அலமாரிக்கு முன்னால் நின்றுகொள்வாள். இரண்டு பேரும் ஒரே இன்டர்வியூவை வெவ்வேறு இடத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லலாம்.

இந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு மீன் பிடிக்கும் ஆசை வந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தி, தன் அப்பாவோடு ஏரிக்குப் போய்த் தன் கை நீளத்துக்கு ஒரு மீனைப் பிடித்துத் தூக்கி நிற்கும் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் ஆரம்பித்தேன். வேறு சமயமாக இருந்தால் அப்பா, "பாக்கலாம்" என்று சொல்லி ஒரு வருடம் பார்த்திருப்பார். ஆனால் அப்போது அவர் நாள் முழுக்க வீட்டில் இருந்தார். "சரி, என்ன வெலைக்குள்ள வாங்கலாம்னு பாப்போம்" என்று லேப்டாப்பைத் திறந்தார்.

வேலை தேடுவதைவிடத் தூண்டில் தேடுவது அவருக்கு இதமாக இருந்திருக்க வேண்டும். அங்கே அவரை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கே வேண்டாம் என்று சொல்பவர் அவர். தினமும் பள்ளி விட்டு வந்ததும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வீடியோ போட்டுக் காட்டுவார். கைப்பணம் கரைந்துகொண்டிருந்த சமயம் என்பதால் ஒரு வரம்பு வைத்துக்கொண்டோம். அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். புதிதாகப் பிடிக்கிறவர்களுக்குக் கட்டை விரலால் ஒரு பட்டனை அழுத்தி விடும் ரீல்தான் சுலபம், தூண்டில் நரம்பு சிக்காது. ராடும் ரீலும் தனித்தனியாக வாங்காமல் சேர்த்தே விற்பதை வாங்கினால் மலிவு. இரண்டு துண்டாக வந்து நடுவில் பொருத்திக்கொள்ளும் ராடுதான் உழைக்கும். மீன் தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டால் எடுப்பதற்கு மூக்கு நீண்ட சின்னக் குறடு ஒன்று கட்டாயம் வேண்டும். மீன் பிடிக்க எனக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை, சின்னப் பெண். அவருக்கு வேண்டும். ஒருநாள் லைசென்ஸும் உண்டு, வருட லைசென்ஸும் உண்டு. வருடத்துக்கு எடுத்துவிட்டால் வாராவாரம் போகலாம், அதுதான் லாபம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. குடை மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போய்ச் சுருங்கிக்கொள்ளும் ராடு ஒன்று விற்கிறார்கள். பார்க்க ஜோராக இருக்கும். அதை மட்டும் தொடவே கூடாது. இணைப்புகளில் பலம் இல்லை, ஒரு பெரிய மீன் இழுத்தால் முறிந்துவிடும் என்று ஒரு ஸ்டார் கொடுத்த அத்தனை பேரும் அழுதிருந்தார்கள். "மடக்கற ராடு மட்டும் வேண்டவே வேண்டாம் அம்மிணி" என்று வியாழக்கிழமை சாயங்காலம்கூடச் சொன்னார். ஊதா நிறத்தில் இரண்டு துண்டு ராடு ஒன்றை முடிவு செய்து, புரட்டாசி முடிந்ததும் வாங்குவதாக வைத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா கராஜில், காருக்குள் பேசிக்கொண்டிருந்தார். பல சுற்று இன்டர்வியூ முடிந்து கடைசியாக நின்ற ஒரே கம்பெனி அது. அம்மா சாமி அலமாரி முன்னால் நின்றிருந்தாள். வெகுநேரம் கழித்து அப்பா உள்ளே வந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் பேசுனாங்க. மண்டே சொல்றாங்களாம்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்கே போலாமா அம்மிணி, மீன் புடிக்க?" என்றார்.

அம்மா திகைத்துப்போனாள். "ஏனுங்க, புரட்டாசி சனிக்கெழம அதுவுமா மீன் புடிக்கப் போறீங்களா? நான் இங்க மாசம் பூரா வெரதம் இருந்துட்டிருக்கேன். மண்டே ரிசல்ட் வரட்டும், புரட்டாசி முடியட்டும், அப்புறம் போனா என்ன?"

"சாப்புடவா போறோம்? புடிச்சு அப்படியே ரிலீஸ் பண்ணிருவோம். அவளும் எத்தன நாளா கேட்டுட்டிருக்கா."

அப்பா அம்மாவின் பேச்சைத் தட்டுகிறவர் அல்ல. சாமி விஷயத்தில் கேட்கவே வேண்டாம். அன்று அசையவில்லை. எனக்கு ஒரே கொண்டாட்டம். அம்மா கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இறங்கி வந்தாள், ஆனால் நிபந்தனையோடு. புழு கூடாது, கறித்துண்டு கூடாது. பிடிக்கும் மீன் உயிரோடு தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்கு வர வேண்டும். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாள் காலையில் அம்மாவே சப்பாத்தி மாவில் பெருங்காயத்தை அள்ளிப் போட்டுப் பிசைந்து, ஒரு டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். டெக்ஸாஸ் மீன்களுக்கு விரதச் சாப்பாடு.

கடை ஃப்ரீவே ஓரத்தில், ஒரு ஊரே உள்ளே குடியிருக்கலாம் என்கிற அளவில் இருந்தது. வாசலில் பாடம் செய்த கரடி. நான் நேராக ஓடிப்போய் எங்கள் ஊதா ராடைக் கண்டுபிடித்துக் கையில் எடுத்துக்கொண்டேன். அங்கே நின்ற வயதான கடைக்காரரும் என்னைப் பார்த்து, சரியானதைத்தான் எடுத்திருக்கிறாய் என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. திரும்பிப் பார்த்தால் அப்பா அங்கே இல்லை. அடுத்த வரிசையில், சுருங்கும் ராடுகளுக்கு முன்னால் நின்றிருந்தார்.

ஒன்றை எடுத்தார். முழுதாகச் சுருக்கினார். கட்டை விரலையும் சுண்டு விரலையும் அகட்டி அதன் மேல் வைத்துச் சாண் சாணாக அளந்தார். வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து அளந்தார். கடைக்காரர் அவர் பக்கத்தில் போய், குழந்தைக்கு என்றால் இது வேண்டாம், இரண்டு துண்டு ராடே விலையும் குறைவு, பலமும் அதிகம் என்று ஒரு வாரமாக அப்பா எனக்குச் சொன்னதையே அப்பாவுக்குச் சொன்னார். அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, அளந்ததில் சின்னதாக இருந்த ராடை எடுத்துக் கடையின் தள்ளுவண்டியில் போட்டார். கறுப்பு நிறம்.

"அப்பா, யூ செட் நெவர் டு பை தட் ஒன்!" என்று நான் கத்தினேன்.

"பரவால்ல அம்மிணி. இது கைக்கு அடக்கமா இருக்கு."

அதோடு நிற்கவில்லை. நான் எடுத்து வந்த குறடைப் பார்த்து, ஒருநாளைக்கு எதற்கு என்று திரும்ப மாட்டிவிட்டார். லைசென்ஸ் கொடுக்கும் இடத்தில் இருந்த பெண், வருடத்துக்கா ஒருநாளைக்கா என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லாமல் நின்றார். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் பார்க்க ஆரம்பித்ததும், "ஒன் டே" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாராவாரம் என்று சொன்னவர். இவ்வளவு கஞ்சத்தனமா என்று மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே காரில் ஏறினேன்.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பார்க்கும் அதற்குள் ஒரு குளமும் உண்டு. அக்டோபர் பிறந்தும் வெயில் குறையவில்லை. தண்ணீர் கலங்கலாக இருந்தது. தக்கையைக் கட்டி, முள்ளில் பெருங்காய மாவை உருட்டி வைத்துப் போட்டோம். முதலில் புல்லில் போய் விழுந்தது. பிறகு என் தொப்பியில் மாட்டியது. ஒருவழியாகத் தண்ணீரில் விழுந்ததும் கரையில் உட்கார்ந்துகொண்டோம். கோபம் போகாததால் நான் பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. மீன் பிடிக்கும்போது பேசக் கூடாது என்று வீடியோவில் சொல்லியிருந்ததால் அதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

திடீரென்று, "உனக்குத் தமிழ் எழுத்து எத்தன தெரியும் அம்மிணி?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் கடைசி வரிசை என்னுடையது. சனிக்கிழமையும் அந்தப் பேச்சா என்று எனக்கு எரிச்சல். "சிக்ஸ் ஆர் செவன். வை?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. போதும். மிச்சத்தக் கத்துக்கலாம்."

அப்போதுதான் தக்கை உள்ளே போயிற்று. ராடு வளைந்தது, இணைப்புகள் முனகின, நான் அலறினேன். அப்பா என் கைகளுக்கு மேல் தன் கைகளை வைத்துப் பிடித்துக்கொண்டார். முறியும் என்று பயந்த ராடு முறியவில்லை. மீசை வைத்த ஒரு கெளுத்தி மீன் கரையில் வந்து விழுந்து துள்ளியது. அந்தச் சில நிமிடங்கள் நான் அவரை முழுக்க மன்னித்துவிட்டேன்.

முள் தொண்டைக்குள் இருந்தது. மாவை அப்படியே விழுங்கியிருந்தது மீன். அப்பா விரலை விட்டுப் பார்த்தார், கார் சாவியை விட்டுப் பார்த்தார். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. ரத்தம் வந்தது. குறடு இருந்திருந்தால் என்று நான் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில் நரம்பை வாய்க்குப் பக்கத்தில் பல்லால் கடித்து அறுத்து மீனைத் தண்ணீரில் விட்டார். அது வயிறு மேலே தெரியப் புரண்டுகொண்டது.

அப்பா ஷூவைக் கழற்றிவிட்டுக் குளத்துக்குள் இறங்கினார். முழங்கால் ஆழத்தில் நின்று, மீனை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தார். செவுளில் தண்ணீர் ஓடினால் பிழைத்துக்கொள்ளும் என்று நாங்கள் வீடியோவில் பார்த்திருந்தோம். கையை எடுத்ததும் அது புரண்டது. மறுபடி பிடித்தார். மறுபடி புரண்டது. நடைபாதையில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. "அப்பா, இட்ஸ் டெட்" என்று கூப்பிட்டேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் தோள் குலுங்கியது. தண்ணீருக்குள் கால் வழுக்குகிறது போல என்று நினைத்தேன்.

வீட்டில் அம்மா அவருடைய சேறு படிந்த பேன்ட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அப்பா, "விட்டுட்டோம்" என்றார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். அம்மாவுக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். அம்மா அன்று வழக்கத்தைவிட அதிகமாகச் சுற்றினாள்.

திங்கட்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனிக்காரர்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம், அப்பா மதியம்தான் சொன்னாராம். வேறு எதுவும் கைவசம் இல்லை, விசாவில் நாளும் இல்லை. அம்மா அப்பாவை ஏறிட்டுப் பார்த்து ஒன்று சொன்னாள்.

"அந்த மீனு சும்மா விடுமா? புரட்டாசி சனிக்கெழம ஒரு உசுர எடுத்துட்டு வந்தீங்களே."

"ஆமா. எந் தப்புத்தான்" என்றார் அப்பா.

மீனைப் பிடித்தது அவர் இல்லை, நான். கேட்டுக் கேட்டு நச்சரித்ததும் நான்தான்.

அதற்குப் பிறகு வீடு வேகமாகக் காலியாயிற்று. சோபா ஒரு நாள் போயிற்று, கார் ஒரு நாள். மிக்ஸியை எதிர் வீட்டு ஆன்ட்டிக்கே கொடுத்தாள் அம்மா. பெட்டி கட்டும்போது மூலையில் கிடந்த கறுப்பு ராடைப் பார்த்து, "அதை இங்கயே தூக்கிப் போடுங்க" என்றாள். அப்பா கேட்காத மாதிரி அதை எடுத்தார். எந்தப் பெட்டி என்று யோசிக்கவில்லை, எப்படி வைப்பது என்று திருப்பிப் பார்க்கவில்லை. நீலப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார். ஒரு விரல் இடம் மிச்சம் விட்டு உட்கார்ந்துகொண்டது. ஊதா ராடு வாங்கியிருந்தால் இங்கேயே போட்டுவிட்டுப் போக வேண்டியிருந்திருக்கும், நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் மிச்ச எழுத்துகளையும் கற்றுக்கொண்டேன். தலையில் குட்டித்தான் கற்றுக்கொடுத்தார்கள், அதனால் நன்றாகவே பதிந்தது. அப்பாவுக்குப் பாதிச் சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்தது. அவர் பஸ்ஸில் கசங்கி வந்து இறங்கும்போதெல்லாம், அம்மா தண்ணீர் வராத குழாயைத் திறந்து திறந்து மூடும்போதெல்லாம், எனக்கு அந்த மீனின் வாய் ஞாபகம் வரும். நான் மீன் சாப்பிடுவதை அடியோடு விட்டேன். அம்மா அதை என் பக்தி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். ஊரில் குளங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பரணில் போட்ட ராடை யாரும் எடுக்கவில்லை.

இப்போது சென்னையில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஆபீஸில் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே தினமும் மழை என்றதால் கிளம்புவதற்கு முன்னால் குடை வாங்கப் போனேன். கடைக்காரர், "நீளக் குடை எடுங்க மேடம், அதான் உழைக்கும். மடக்கறது ஒரு காத்துக்குத் தாங்காது" என்றார். எனக்கும் அது தெரியும். ஆனாலும் மடக்குக் குடை ஒன்றை எடுத்துச் சுருக்கினேன். என் கட்டை விரலும் சுண்டு விரலும் தாமாக அகன்று அதன் மேல் உட்கார்ந்தன. வீட்டில் திறந்து கிடந்த பெட்டியை மனதில் வைத்து நான் அளந்துகொண்டிருந்தேன்.

விரலை எடுக்க முடியவில்லை. கடைக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார்.

திங்கட்கிழமை சொல்வார்கள் என்ற அப்பா, சனிக்கிழமை காலையிலேயே பெட்டிக்குள் அடங்குமா என்று ராடை அளந்திருக்கிறார். அப்போது மீன் தண்ணீருக்குள் சௌக்கியமாக இருந்தது. என் தக்கை பாக்கெட்டைவிட்டு வெளியே வரவில்லை. வெள்ளிக்கிழமை காருக்குள்ளேயே எல்லாம் முடிந்திருந்தது.

குளத்துக்குள் அவர் தோள் ஏன் குலுங்கியது என்பது அந்தப் பத்து வயதுக்காரிக்குத் தெரியவில்லை. கால் வழுக்குகிறது என்றுதான் நினைத்தாள். அம்மாவுக்கு இன்னும் மூன்று ராத்திரி நம்பிக்கையும், எனக்கு ஒரு சனிக்கிழமையும் கொடுப்பதற்காக ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்பதும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்காததற்கு மீன் காரணமில்லை என்று ஆகிவிடும், ஆனால் வெள்ளிக்கிழமை பொய் சொன்னது தெரிந்துவிடும். அதற்காக மீனின் பழியையும் அவர் தன் மேலேயே போட்டுக்கொண்டார்.

இந்தப் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். இலை போட்டுச் சாப்பாடு. அம்மா பொரியலைப் பரிமாறிக்கொண்டே, வருடாவருடம் சொல்வதைச் சொன்னாள். "அன்னைக்கு மட்டும் அந்த மீனைத் தொடாம இருந்திருந்தா, நாம இன்னைக்கு எங்கயோ இருந்திருப்போம்."

"ஆமா. எந் தப்புத்தான்" என்றார் அப்பா, இலையைப் பார்த்தபடி.

உண்மை என் வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. சோற்றில் குழி பறித்துக்கொண்டு, "ரசம் ஊத்து அம்மிணி" என்றார். நான் ஊற்றினேன்.